அத்திமரத்துக்கு ஓர் அல்லச் சான்று

சாவிக்காரரின் மனைவி பின்னறைக்குள் மாட்டிக்கொண்டது ஒரு மழைநாள் மதியம். அந்த நேரத்தில் அவர் யார் வீட்டுப் பீரோவையோ திறந்துகொண்டிருந்தார். நகரத்தில் எந்தப் பூட்டு மக்கர் பண்ணினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். சாவி தொலைந்த பீரோ, உள்பக்கம் தாழ் விழுந்த குளியலறை, கோபத்தில் மருமகள் பூட்டிக்கொண்ட படுக்கையறை, எதுவானாலும் ஐந்து நிமிடம். அப்பேர்ப்பட்டவர் வீட்டிலேயே ஒரு கதவு திறக்கவில்லை என்றால் கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரத்தான் செய்யும். வந்தால் இப்போதே சிரித்துவிடுங்கள், பின்னால் அவகாசம் கிடைக்காது.

பூட்டின் மேல் தப்பில்லை. வீட்டுக்குப் பின்னால் ஓர் அத்திமரம் நின்றது. யாரும் வைத்ததில்லை, தானாக முளைத்தது. பத்து வருடமாகப் பின்சுவர் மேல் சாய்ந்துகொண்டே வந்த அந்த மரத்தின் வேர் ஒன்று சுவருக்கு அடியில் புகுந்து, பின்னறைத் தரையைப் பிளந்துகொண்டு, கதவுக்கு உள்பக்கமாகத் தொடைப் பருமனில் எழும்பிவிட்டது. கதவு உள்பக்கம் திறக்கும் கதவு. அவருடைய மனைவி தையல்காரி. வெளிச்சம் நன்றாக இருக்கிறதென்று மெஷினை அந்த அறையில்தான் போட்டிருந்தாள். மழைச் சாரலுக்குக் கதவைச் சாத்திவிட்டு ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தபோது தரை படாரென்று வெடித்தது. எழுந்து வந்து கதவை இழுத்தாள். அது அசையவில்லை. அறைக்குள்ளேயே குளியலறை இருந்தது ஒன்றுதான் அவள் செய்த புண்ணியம்.

அவளுடைய தம்பி கொத்தனார். தகவல் தெரிந்ததும் கடப்பாரையோடு வந்து சுவரைத் தட்டிப் பார்த்தான், நிலையைத் தட்டிப் பார்த்தான், உதட்டைப் பிதுக்கினான்.

"மாமா, நிலையைத் தொட்டா மேல இருக்கிற லிண்டல் கல்லு இறங்கிடும். ஜன்னல் கம்பியைத் தொட்டா சுவரே இறங்கிடும். மரம் மொத்தமும் இந்தச் சுவத்து மேலதான் உக்காந்திருக்கு. வேரை வெட்டுறது ஒண்ணுதான் வழி. வெளிப்பக்கமா தோண்டி வெட்டி விட்டுட்டா, மிச்சத்தை அக்கா உள்ள இருந்து நகத்திடலாம்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"டீ குடிச்சிட்டு ஆரம்பிச்சா, அடுத்த டீக்குள்ள அக்கா வெளிய வந்துடும்."

டீயும் குடித்தார்கள். கடப்பாரை மண்ணில் இரண்டு முறைதான் இறங்கியிருக்கும், தெருவில் ஒரு ஜீப் வந்து நின்றது. யாரோ தகவல் சொல்லி இருபது நிமிடத்தில் வந்துவிட்டது. தாவர வகைப்பாட்டுத் துறை இருபது நிமிடத்தில் ஒரு காரியம் செய்தது அதுவே முதல் தடவை, கடைசித் தடவையும் அதுதான்.

ஜீப்பிலிருந்து இறங்கிய ஆய்வாளர் கடப்பாரையைத் தம்பியின் கையிலிருந்து மெல்ல வாங்கி, அதற்கு ஒரு ரசீது எழுதிக் கொடுத்தார்.

"எந்தத் தாவரமா இருந்தாலும், அது எந்தப் பெரும்பிரிவுல வருதுன்னு துறை சொல்ற வரைக்கும் யாரும் அதைத் தொடக் கூடாது. தொட்டா ஏழு வருஷம்."

"சார், உள்ள என் சம்சாரம் மாட்டிக்கிட்டு இருக்கா. இது அத்திமரம் சார், எல்லாருக்கும் தெரியும்," என்றார் சாவிக்காரர்.

"அத்திங்கிறது நீங்க வச்ச பேரு. மரம்ங்கிறதும் நீங்களா சொல்றது. அது என்னன்னு இனிமேதான் தெரியணும்."

மரத்துக்குக் காவலாக ஒரு ஆளையும் போட்டுவிட்டுப் போனார். காவல்காரர் பாவம், நல்ல மனிதர். தனக்கு ஒரு நாற்காலி கேட்டார், சாவிக்காரரே எடுத்துப் போட்டார். ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த மனைவி, "என்னங்க, எனக்குக் குடிக்கத் தண்ணி குடுங்க மொதல்ல, அப்புறம் அவருக்கு நாற்காலி போடலாம்," என்றாள்.

மறுநாள் காலை சாவிக்காரர் துறை அலுவலகத்துக்குப் போனார். இரண்டு மாடிக் கட்டடம். உலகத்தில் உள்ள செடிகொடி அத்தனையையும் ஐந்து பெரும்பிரிவுகளாகப் பிரித்து வைப்பதற்காக ஏற்பட்ட துறை அது. முப்பது வருடத்தில் பதினோரு தாவரங்களை வகைப்படுத்தி முடித்திருந்தார்கள். அவற்றில் நான்கு ஒரே தாவரம் என்று பிறகு தெரிய வந்ததாம், ஆனாலும் பதினொன்று பதினொன்றுதான்.

விசாரணை ஜன்னலில் இருந்த எழுத்தர் மனுவை வாங்கிப் பார்த்தார்.

"அத்தியா? அது பூக்கிற வகைதான். மூடிய விதைப் பிரிவு, அஞ்சாவது அறை."

சாவிக்காரருக்கு உயிர் வந்தது. "அப்ப நேரா அங்க போயிடட்டுமா சார்?"

"எப்படிப் போவீங்க? கீழே இருந்துதான் மேல போகணும். மொதல்ல தண்ணிப்பாசி, அப்புறம் சுவத்துப்பாசி, அப்புறம் பெரணி, அப்புறம் திறந்த விதை. நாலு பேரும் 'இது எங்களுடையது அல்ல'ன்னு எழுதிக் குடுக்கணும். அல்லச் சான்றுன்னு பேரு. நாலு அல்லச் சான்று இருந்தாதான் அஞ்சாவது ஆளு ஆமாம்னு சொல்ல முடியும்."

"ஆனா நீங்களே பூக்கிற வகைன்னு சொன்னீங்களே சார்."

"அது நான் மனுஷனா சொன்னது," என்று எழுத்தர் ஜன்னலைச் சாத்தினார்.

முதல் சனியன் மாடிப்படி ஏறியதுமே பிடித்தது. அடுத்தடுத்து இரண்டு அறைகள், இரண்டின் வாசலிலும் 'பாசிப் பிரிவு' என்றே பலகை. குளத்தில் மிதப்பதையும் பாசி என்கிறோம், மழை பெய்தால் மதில்மேல் பச்சையாகப் படர்வதையும் பாசி என்கிறோம். நமக்கு வழுக்கி விழுந்தால் போதும், எந்தப் பாசி என்று கேட்க மாட்டோம். துறைக்கு அது இரண்டு பெரும்பிரிவு. பலகையை நீ மாற்று, நீ மாற்று என்று இரண்டு அதிகாரிகளும் சண்டை போட்டு, ஒன்பது வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. சாவிக்காரர் மூன்று நாள் வரிசையில் நின்று உள்ளே போனபோதுதான், தான் நின்றது சுவர்ப்பாசி வரிசை என்று தெரிந்தது. "மொதல்ல பக்கத்து ரூம்," என்றார் அந்த அதிகாரி, பக்கத்து ரூம் என்ற வார்த்தையைக் கசப்பு மருந்து மாதிரி துப்பி.

தண்ணீர்ப்பாசி அதிகாரி சாந்தமானவர். அவருடைய மேஜைக்குக் கீழே ஒரு வாளித் தண்ணீர் இருந்தது.

"உங்க தாவரத்துக்கு வேர், தண்டு, இலைன்னு தனித்தனியா இருக்கா?"

"இருக்கு சார். வேர்தான் சார் பிரச்சினையே."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. ஒரு இலை கொண்டாங்க, பாப்போம்."

இலை பறித்தால் ஏழு வருடம். ஆகவே விழுந்த இலை. விழுந்த இலை தானாக விழுந்ததா, தட்டி விழுந்ததா என்பதற்குக் காவல்காரரின் எழுத்து வேண்டும். காவல்காரர் நேர்மையானவர், தன் கண்ணால் பார்க்காமல் எழுத மாட்டேன் என்றுவிட்டார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒன்றும் விழாது. டீயை வாயில் வைப்பார், நாலு இலை விழும். இப்படியே ஐந்து நாள் போயிற்று. ஆறாம் நாள் ஓர் இலை அவர் மூக்கின் மேலேயே விழுந்தது. அதைச் சாவிக்காரர் பொக்கிஷம் மாதிரி எடுத்துப் போய்க் கொடுத்தார். அதிகாரி வாளியில் போட்டார். ஒரு வாரம் ஊறி, அழுகி, நாறிய பிறகு, 'தண்ணீரில் வாழும் விருப்பம் இத்தாவரத்திடம் காணப்படவில்லை' என்று எழுதி முதல் அல்லச் சான்று கொடுத்தார்.

சாவிக்காரர் அன்று ஓட்டமாக வீட்டுக்கு வந்து ஜன்னல் கம்பிக்கு நடுவே அந்தக் காகிதத்தை நீட்டினார். மனைவி படித்தாள்.

"இது பாசி இல்லைன்னு போட்டிருக்கு."

"ஆமா."

"இதுக்கா பதினேழு நாள்?"

"இன்னும் மூணுதான். சீக்கிரம் முடிஞ்சிடும்."

அவள் கம்பி வழியாக அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். வழக்கமாக வாயாடுகிறவள் அன்றைக்கு வாயாடவில்லை. "எனக்குப் பயமா இருக்குங்க. ராத்திரியில சுவர் கிர்ருங்குது," என்றாள். அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஊர்க் கதவையெல்லாம் திறந்த கை, பெண்டாட்டி கையைக் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று தடவிக்கொண்டிருந்தது. காவல்காரர் நாகரிகமாக வேறு பக்கம் திரும்பி மரத்தைப் பார்த்தார்.

சுவர்ப்பாசி அதிகாரி நேரிலேயே வந்துவிட்டார். வந்தவர் வீட்டுப் பக்கமே திரும்பவில்லை. பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு அடிமரத்தை இரண்டு மணி நேரம் பார்த்தார். மழைக்கு அங்கே பச்சைப் பாசி படர்ந்திருந்தது.

"நம்ம ஆளு இருக்காரே இங்க," என்றார், உறவுக்காரரைக் கல்யாண வீட்டில் கண்டது போல.

"நான் மரத்தைப் பத்திதான் சார் மனு குடுத்தேன்."

"நீங்க மரம்ங்கிறீங்க. எங்க பார்வையில இது பாசி உக்கார்ற இடம். சரி, விதிப்படியே கேக்கிறேன். பாசிக்குத் தண்ணி மேல ஏத்துற குழாய் கிடையாது. உங்களுதுல குழாய் இருக்கா?"

"மரம்னா உள்ள இருக்கும்தானே சார்."

"உள்ள இருக்கும்னா யாரு பாத்தது? குழாய்னு சொன்னா குடிநீர் வாரியத்துல எழுதி வாங்கிட்டு வாங்க."

குடிநீர் வாரியத்தில் சிரிக்காமல் மனுவை வாங்கிக்கொண்டார்கள். பன்னிரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. மேற்படி மரத்தின் பெயரில் எந்தக் குழாய் இணைப்பும் வழங்கப்படவில்லை, மனுவும் நிலுவையில் இல்லை. சுவர்ப்பாசி அதிகாரி அதைப் படித்துவிட்டு, "பாத்தீங்களா, குழாய் இல்ல. அப்ப இது நம்மளுதுதான்," என்று பேனாவைத் திறந்தார். முப்பது அடி உயர அத்திமரம் இன்னும் ஒரு கையெழுத்தில் பாசியாகியிருக்கும்.

அந்த நிமிடத்தில்தான் சாவிக்காரருக்கு முதன்முதலாக அந்த அலுவலகத்தின் பூட்டு பிடிபட்டது. வெளியே ஓடி, பக்கத்து அறைக்குப் போய், தண்ணீர்ப்பாசி அதிகாரியிடம், "சார், முப்பது அடிக்குப் பாசி வச்சிருக்கோம்னு அவர் நாளைக்குப் பலகை போடப் போறாராம்," என்றார். சாந்தமான அந்த மனிதர் நாற்காலியை உதைத்துக்கொண்டு எழுந்தார். பத்தே நிமிடத்தில், 'இத்தாவரம் உச்சி வரை நீர் ஏற்றுவதை நான் நேரில் அறிவேன்' என்று முத்திரையோடு மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தார். இரண்டாவது அல்லச் சான்று வேறு வழியில்லாமல் கிடைத்தது.

பெரணிப் பிரிவில் அவ்வளவு தொல்லை இல்லை. பெரணிக்கு விதை கிடையாது, இலைக்கு அடியில் புள்ளி புள்ளியாக வித்து இருக்கும். அந்த அதிகாரி அத்தி இலைக்கு அடியில் பதினாறு புள்ளிகளைக் கண்டுபிடித்து, அவற்றை ஒரு கண்ணாடிக் குடுவையில் வைத்து, தினம் இரண்டு வேளை குறிப்பு எழுதினார். ஒன்பதாம் நாள் புள்ளிகள் பொரிந்து, ஆளுக்கு ஆறு காலோடு மேஜையை விட்டு இறங்கிப் போயின. அவர் மனமுடைந்து கையெழுத்துப் போட்டார்.

இதற்குள் சாவிக்காரரை அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கடையைச் சாத்தி மாதம் ஒன்றுக்கு மேல் ஆகியிருந்தது. காதில் பென்சில் செருகிக்கொண்டார். தாழ்வாரத்தில் புதிதாக வந்து முழிப்பவர்கள், "அண்ணே, இதுல எங்க கையெழுத்துப் போடணும்?" என்று அவரைக் கேட்டார்கள். அவரும் வரிசையில் நின்றபடியே, "மொதல்ல தண்ணிப்பாசி. சுவத்துப்பாசி வரிசையில நின்னுடாதீங்க, மூணு நாள் போயிடும்," என்று சொல்லிக்கொடுத்தார். ஒருநாள் விசாரணை எழுத்தரே எதிலோ சந்தேகம் வந்து அவரைக் கூப்பிட்டார். அன்று அவர் வீட்டுக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார்.

"நாம இப்ப மூணு பிரிவு முடிச்சிட்டோம்," என்றார் ஜன்னலில்.

"நாமன்னா யாரு?" என்றாள் மனைவி.

"துறைதான்."

அவள் சாப்பிட்ட தட்டைக் கம்பி வழியாக நீட்டினாள். "தம்பி தினம் வந்து பாத்துட்டுப் போறான்," என்றாள். "நல்லது, அவனுக்கு வேலை இருக்காதா?" என்று கேட்டுவிட்டு அவர் அடுத்த மனுவைப் பிரித்தார்.

திறந்த விதைப் பிரிவின் கதவு எப்போதும் மூடியே இருக்கும். தட்டித் தட்டிக் கை வலித்த பிறகு ஒருவர் திறந்தார். உள்ளே அவர் ஒருவர்தான். விதையை எதற்குள்ளும் ஒளிக்காமல் வெட்டவெளியில் வைத்திருக்கும் மரங்கள் அவருடைய பிரிவு. ஊசியிலை மரம், அது இது என்று நகரம் முழுக்கத் தேடினாலும் நாலு தேறவில்லை. மனுவைப் பார்த்ததும் மனிதர் சாவிக்காரரை நாற்காலியில் உட்கார வைத்தார். அந்தக் கட்டடத்தில் அவரை உட்காரச் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

"எங்களுக்குக் குடுத்துடுங்களேன். போன வருஷமே இந்தப் பிரிவை மூடிடலாம்னு பேச்சு. ஒரு மரம் வந்தாக்கூட இன்னும் அஞ்சு வருஷம் ஓடிடும்."

"விதை காய்க்குள்ள இருக்குங்களே சார்."

"கொஞ்சம் வெளிய தெரியற மாதிரி பண்ண முடியுமா?"

சாவிக்காரருக்கு உண்மையிலேயே இரக்கமாகப் போயிற்று. முடியாது என்று சொல்லவே நாலு நாள் ஆனது. கடைசியில் அந்த அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டே அல்லச் சான்று எழுதினார். கதவை அவர் சாத்திக்கொண்ட சத்தம் தாழ்வாரம் முழுக்கக் கேட்டது.

மூடிய விதைப் பிரிவுக்குக் கதவே கிடையாது. ஒரு வளைவு மட்டும்தான். உள்ளே மேஜை, மேஜைமேல் தூசி, தூசிமேல் யாரோ விரலால் எழுதிய ஒரு தேதி. உதவியாளர் ஒருவர் இருந்தார். மனுவைப் புரட்டிப் பார்த்து எட்டாவது பத்தியில் விரலை வைத்தார்.

"பூவோட நிறம் எழுதலையே."

"பூ நான் பாத்ததில்லைங்க. யாரும் பாத்ததில்ல. அத்திக்குக் காய்தான் தெரியும்."

"பூ இல்லாம பூக்கிற பிரிவுல எப்படிச் சேக்கிறது? அதிகாரிதான் முடிவு பண்ணணும்."

"அவர் எப்ப வருவாரு?"

"அவரா? அத்தி பூத்தாப்லதான் வருவாரு."

சொன்னவருக்கு என்ன சொன்னோம் என்று தெரியவில்லை. கேட்டவருக்குத் தெரிந்தது. அத்தி பூத்தால்தான் கையெழுத்து, அத்தி பூத்தாற்போல்தான் அதிகாரி. அவர் நேராக வீட்டுக்குப் போய் மரத்தடியில் இன்னொரு நாற்காலி போட்டு, காவல்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தார். காலையில் பார்த்தார், மதியம் பார்த்தார். கழுத்து சுளுக்கிக்கொண்டது. மனைவி ஜன்னலிலிருந்து, "மேல என்ன தெரியுது?" என்றாள். "பூக்குதான்னு பாக்கிறேன்." "இங்க நான் ஒருத்தி இருக்கேன், அதுவும் தெரியுதா?" என்றாள். அவருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் பார்வையை இறக்கவில்லை, இறக்கும் நேரத்தில் பூத்துவிட்டால் என்ன செய்வது.

எட்டாவது நாள் அலுவலகத்திலிருந்து ஆள் ஓடி வந்தது. அதிகாரி வந்துவிட்டார். சாவிக்காரர் மடியில் நாலு உதிர்ந்த பழத்தைக் கட்டிக்கொண்டு விழுந்தடித்து ஓடினார். அந்த அதிகாரி ஒரு கிழட்டு மனிதர், துறையில் தாவரம் தெரிந்த ஒரே ஆள் என்று கேள்வி. அதனால்தான் அவர் வருவதில்லையோ என்னவோ. பழத்தை வாங்கிச் சின்னக் கத்தியால் இரண்டாகப் பிளந்து, பூதக்கண்ணாடியைச் சாவிக்காரர் கையில் கொடுத்தார்.

"உள்ள நூல் நூலா இருக்கே, தெரியுதா? அத்தனையும் பூ. நீங்க காய்ங்கிறதே பூக்கூடைதான். வெளிய தெரியாம உள்ளுக்குள்ள பூக்கும். வருஷம் முழுக்க ஏதாவது ஒரு கிளையில பூத்துக்கிட்டேதான் இருக்கும்."

சாவிக்காரர் அந்தக் கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. எத்தனை வருடம் அந்தப் பழத்தை மிதித்துக்கொண்டு போயிருக்கிறார், ஒவ்வொன்றுக்குள்ளும் இத்தனை கூட்டம் அடைந்து கிடந்திருக்கிறது. ஒரு நிமிடம் தன் வீட்டுப் பின்னறை ஞாபகம் வந்தது. பிறகு முத்திரை விழும் சத்தம் கேட்டது, மறந்துவிட்டார். பூக்கும் தாவரம், மூடிய விதை, இரண்டு வித்திலை. ஐந்தாவது அறையின் கையெழுத்து, பச்சை மையில்.

கடைசிக் கையெழுத்து இயக்குநருடையது. ஐந்து காகிதத்தையும் கையில் பிடித்துக்கொண்டு அவர் அறைக்குள் போனபோது சாவிக்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. இயக்குநர் எழுந்து நின்று கை கொடுத்தார்.

"பன்னிரண்டாவது. இந்தத் துறையோட பன்னிரண்டாவது தாவரம். பாராட்டுகள்."

"நன்றிங்கய்யா. இனி வேரை வெட்டிடலாமா?"

இயக்குநர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "பூக்கும் தாவரத்தை அது பூத்திருக்கும்போது வெட்டக் கூடாது. பிரிவு அஞ்சு, விதி ரெண்டு. பூ ஓய்ஞ்சதும் தாராளமா வெட்டிக்கோங்க."

"அது ஓயாதுங்கய்யா. வருஷம் முழுக்கப் பூக்கும்னு நம்ம அதிகாரியே எழுதியிருக்காரு."

"அருமையா எழுதியிருக்காரு."

"அப்ப எப்பதான் வெட்டுறது?"

"உக்காருங்க. உங்ககிட்ட மனசு விட்டுப் பேசுறேன். வர்றவன் எல்லாம் சீக்கிரம், சீக்கிரம்ங்கிறான். முப்பது வருஷத்துல பன்னிரண்டு. வருஷத்துக்கு நூறு முடிச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்? செடி தீந்து போயிருக்கும். செடி தீந்தா துறை எதுக்கு? துறை இல்லைன்னா நாளைக்கு ஒரு செடி முளைச்சா அது என்னன்னு யாரு சொல்றது? அதனாலதான் நிதானமா போறோம். நிதானம்தான் அறிவியல்."

"என் சம்சாரம் ஐம்பத்தி மூணு நாளா உள்ள இருக்கா ஐயா."

"அதுல எனக்கு ரொம்ப வருத்தம். ஆனா அவங்க நம்ம அஞ்சு பிரிவுல எதுலயும் வரலையே. தாவரமா மட்டும் இருந்திருந்தா அன்னிக்கே காப்பாத்தியிருப்போம்."

சாவிக்காரர் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு மாதத்துக்கு முந்திய ஆளாக இருந்தால் மேஜையைக் கவிழ்த்திருப்பார். இப்போது அவர் நினைத்தது வேறு. எந்த விதிக்கும் ஒரு மனு இருக்கும், அதுதான் அவர் கற்றுக்கொண்டது.

"பூ ஓய்வு கோரும் மனுன்னு ஏதாவது இருக்குங்களாய்யா?"

இயக்குநரின் முகம் மலர்ந்தது. "இருக்கு. இதுவரைக்கும் யாருமே கேட்டதில்ல. ஒன்பது பிரதி. சம்பவ இடத்துல உக்காந்து நிரப்பணும். வியாழக்கிழமை ஆய்வுக்கு நானே வர்றேன்." சாவிக்காரரின் முகமும் மலர்ந்துவிட்டது, வெட்கத்தை விட்டுச் சொன்னால் அதுதான் நடந்தது.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது உள்ளே டீ வாசனை வந்தது. அடுப்பங்கரையில் அவருடைய மனைவி நின்றிருந்தாள். மெலிந்து போயிருந்தாள், நிற்பதற்குச் சுவரில் ஒரு கையை ஊன்றியிருந்தாள். தம்பி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான், வேர்த் துண்டை இழுத்துப் போட்டதில் தலைமுடியெல்லாம் மரத்தூள். பக்கத்தில் காவல்காரர், புதுச் சட்டையோடு.

"தம்பி ஒரு ரம்பத் தகடு கொண்டாந்து கம்பி வழியா குடுத்தான்," என்றாள் அவள். "ராத்திரி நீங்க தூங்கினதும் உக்காந்து அறுப்பேன். பதினோரு நாள் ஆச்சு. கையைப் பாருங்க." இரண்டு உள்ளங்கையும் கொப்புளம்.

"உள்ள இருக்கிற வேரு என் டூட்டியில வராதுங்க," என்றார் காவல்காரர். "எனக்குச் சுவத்துக்கு வெளியதான் ஆர்டர். சட்டை அவங்களா தைச்சுக் குடுத்தது."

சாவிக்காரருக்கு அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டு கதறி அழ வேண்டும் போலிருந்தது. நெஞ்சு முழுக்க அதுதான் இருந்தது. ஆனால் வாயைத் திறந்தபோது வந்தது இது:

"பூத்திருக்கும்போதா வெட்டினே?"

அடுப்பில் டீ பொங்கி வழிந்தது. யாரும் இறக்கவில்லை.

"ஐம்பத்தி மூணு நாள் கழிச்சு வெளிய வந்தவளைக் கேக்கிற மொதல் கேள்வியா இது?"

"அதுக்கில்ல. வியாழக்கிழமை இயக்குநரே நேர்ல வர்றாரு. நம்ம மனுவுல நீ உள்ள இருக்கிறதாதான் இருக்கு. அதுவரைக்கும் மட்டும்," என்று அவர் குரலைத் தாழ்த்தினார், "ரெண்டே நாள், உள்ள போயி இருந்துடேன்."

தம்பி டம்ளரைக் கீழே வைத்தான். மனைவி அவரைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார். அவள் அடுப்பை அணைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள்.

"மெஷினை எடுடா," என்றாள் தம்பியிடம். பிறகு அவரிடம், "நான் தம்பி வீட்டுக்குப் போறேன். சுவர் ரெண்டு விரக்கடை இறங்கியிருக்குன்னு சொல்றான். எப்ப வேணா விழுமாம். நீங்களும் கிளம்புங்க," என்றாள்.

"நீ முன்னால போ. இதை மட்டும் நிரப்பிட்டு வந்துடறேன்."

"வாங்க," என்றாள் மறுபடியும். "எனக்காக வாங்க."

"ஒன்பது பிரதிதான். எனக்குக் கை ஓடும்."

அவர்கள் தள்ளுவண்டியில் மெஷினை ஏற்றினார்கள். காவல்காரரும் ஒரு கை கொடுத்தார். சாவிக்காரர் பின்னறைக்குப் போய், அறுபட்ட வேருக்குப் பக்கத்தில் மனைவியின் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். காதிலிருந்து பென்சிலை எடுத்தார். முதல் ஆறு பத்தி எல்லா மனுவிலும் ஒன்றேதான், மனப்பாடம், மளமளவென்று போயிற்று. ஏழாவது பத்தி: 'மரத்தினால் உள்ளே அடைபட்டிருப்பவரின் பெயர்'. மனைவி பெயரை எழுதினால் அது பொய்த் தகவல், மூன்று வருடம். வெறுமனே விட்டால் மனுவைத் தள்ளிவிடுவார்கள். பென்சிலைக் கடித்துக்கொண்டு யோசித்தார். தெருவில் வண்டிச் சக்கரத்தின் சத்தம் முக்கு வரை போய்க் கேட்காமல் ஆயிற்று. அத்தனை நாளுக்குப் பிறகு முழுசாகத் திறந்து கிடந்த கதவு வழியாகக் காற்று வந்து காகிதங்களைப் புரட்டியது. அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திரும்ப வந்து உட்கார்ந்து, ஏழாவது பத்தியில் தன் பெயரை எழுதினார்.